இரண்டடித் தொட்டியில் ஒன்பது தங்கமீன்கள்: உண்மையில் எத்தனை வளர்க்கலாம்?

கேள்வி | 2023 மார்ச் 12

புதுமனை புகுவிழாவுக்கு என் மைத்துனர் 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அதனுடன் கொளத்தூரில் வாங்கிய தங்கமீன்கள் ஒன்பதும் வந்தன. எட்டு ஆரஞ்சு நிறம், ஒன்று கறுப்பு. வாஸ்துப்படி அந்த எண்ணிக்கை குறையக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான்கு நாளில் இரண்டு இறந்தன. உடனே இரண்டு வாங்கி விட்டோம். மீன் இரண்டு அங்குலம்தானே, தொட்டி தாராளம் என்கிறார் கடைக்காரர். இந்தத் தொட்டியில் எத்தனை வளர்க்கலாம்?

மார்ச் 12, மாலை

முழுதாக வளர்ந்த தங்கமீன் ஒன்றுக்குக்கூட அந்தத் தொட்டி போதாது. இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், 2009-இல் நானும் இதே அளவுத் தொட்டியில் இதே எட்டையும் ஒன்றையும் வாங்கி விட்டவன் என்பதுதான். ஆறு வாரத்தில் எட்டு மீன்கள் இறந்தன. ஒவ்வொன்று இறக்கும்போதும், வீட்டுக்கு வரவிருந்த கேட்டை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று என் அத்தை ஆறுதல் சொன்னார். ஆறு வாரத்தில் எட்டுக் கேடுகள் வரவிருந்த வீடு என்றால், நாங்கள் மீனை அல்ல, வீட்டையே மாற்றியிருக்க வேண்டும்.

மிஞ்சியது அந்தக் கறுப்பு மீன், பிளாக் மூர் வகை. துருத்திய கண்களோடு அரைகுறைப் பார்வையில் இரை தேடிய அதுதான் முதலில் போகும் என்று நினைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகளில் அதுவும் வெண்கல நிறமாகி, பிறகு ஆரஞ்சு நிறமாகிவிட்டது. அந்த வகையில் இது அடிக்கடி நடப்பதுதான். ஆக, எட்டு போனது மட்டுமல்லாமல், ஒன்றும் எட்டின் கட்சிக்கே மாறிவிட்டது.

எட்டும் ஒன்றும் என்ற அந்த எண்ணிக்கை சீனத்து ஃபெங் சுயி வழக்கத்திலிருந்து வந்து, இங்கே வாஸ்து என்ற பெயரில் விற்பனையாகிறது என்பதையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

மார்ச் 12, இரவு

மாலையில் தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் போய்விட்டேன். நெருக்கடி இடத்தால் வருவதில்லை, கழிவால் வருகிறது. மீன் தின்னும் புரதத்தின் எச்சம் பெரும்பகுதி அமோனியாவாகச் செவுள் வழியே நீரில் கலக்கிறது. மீன் பண்ணைக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: இரையின் எடையைப் புரத விகிதத்தாலும் 0.092 என்ற எண்ணாலும் பெருக்கினால், அன்றைக்கு வெளிவரும் அமோனியா நைட்ரஜன் தோராயமாகக் கிடைக்கும். உங்கள் ஒன்பது குஞ்சுகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 40 சதவீதப் புரதமுள்ள இரை ஒரு கிராம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 37 மில்லிகிராம். தொட்டியின் கொள்ளளவு இரண்டு கன அடி, அதாவது 56 லிட்டர். லிட்டருக்கு நாளொன்றுக்கு 0.65 மில்லிகிராம் வீதம் ஏறும்.

பழகிய தொட்டியில் ஃபில்டர் பஞ்சில் குடியேறிய பாக்டீரியாக்கள் இந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்களுக்கு நான்காம் நாளும் எனக்கு ஆறு வாரத்துக்குள்ளும் மீன்கள் இறந்ததற்கு இதுவே காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. இறந்ததற்கு ஈடாகப் புது மீன் வாங்கி விடுவது, நிரம்பி வழியும் சாக்கடையில் மேலும் ஒரு வாளி ஊற்றுவது போன்றது.

இப்போதைக்கு இரையைப் பாதியாகக் குறையுங்கள். நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள். புது மீன் வேண்டாம்.

மார்ச் 13

திருத்தம். நேற்று 56 லிட்டர் என்று எழுதியது தொட்டிக் கடைக்காரரின் கணக்கு, மீனின் கணக்கு அல்ல. விளிம்பு வரை யாரும் நீர் ஊற்றுவதில்லை. மேலே இரண்டு அங்குலம் விட்டால் 47 லிட்டர், அடியில் பரப்பிய கூழாங்கல்லையும் கழித்தால் ஏறக்குறைய 43. அப்படியானால் அமோனியா நாளொன்றுக்கு 0.65 அல்ல, 0.86. கூழாங்கல்லுக்குப் பதிலாகச் சிலர் கோட்டையும் சங்கும் புதையல் பெட்டியும் வைக்கிறார்கள். ஒவ்வொரு பொம்மையும் தன் பருமனளவு நீரை வெளியேற்றிவிட்டுத்தான் உட்காருகிறது.

மார்ச் 19

"இரண்டு அங்குலம்தானே" என்ற கடைக்காரரின் சொல்லை எடுத்துக்கொள்வோம். வால் நீண்டு உடல் உருண்ட ஒராண்டா, ரியூகின், பிளாக் மூர் போன்றவை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரும். ஒற்றை வாலுடைய காமெட் வகை இடமிருந்தால் 30 சென்டிமீட்டரையும் தொடும். ஆயுள் பத்து, பதினைந்து ஆண்டுகள் என்பது சாதாரணம். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாப் பந்தயத்தில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்தது. ஆகையால் நீங்கள் தொட்டியில் விட்டிருப்பது இரண்டு அங்குல மீன் அல்ல, ஆறு அங்குல மீனின் குழந்தைப் பருவம்.

தொட்டிக்குத் தக்கபடி மீன் சிறிதாகவே நின்றுவிடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. நின்றுவிடும்தான், கழிவு மிகுந்த நீரில் வளர்ச்சி குன்றிப்போவதை, மீன் பெருந்தன்மையோடு செய்துகொள்ளும் அனுசரணை என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு காலன் நீருக்கு ஓர் அங்குல மீன் என்ற விதி இங்கேயும் பரவலாகப் புழங்குகிறது. மெலிந்த சிறு மீன்களுக்கு அது ஓரளவு ஒத்துவரும், தங்கமீனுக்கு ஒத்துவராது. நீளம் மூன்று மடங்கானால் அகலமும் உயரமும் சேர்ந்தே மூன்று மடங்காகும் என்பதால் எடை 27 மடங்காகிறது. கழிவும் 27 மடங்காகும். அதனால்தான் உருண்டை உடல் வகைகளுக்கு முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். இந்த விதியை உங்கள் 43 லிட்டரில் பொருத்தினால் விடை பூச்சியம்.

மார்ச் 21

கழிவும் 27 மடங்கு என்று எழுதியதை ஒருவர் மறுத்திருக்கிறார். அவர் சொல்வது சரி. உடல் பெருக்கப் பெருக்க ஒரு கிராம் எடைக்கான உணவுத் தேவை குறைந்துகொண்டே போகிறது. மீன்களுக்குரிய வழக்கமான கணக்கில் போட்டுப் பார்த்தால் 27 மடங்கு எடைக்கு உணவும் கழிவும் ஏறக்குறைய 14 மடங்காகின்றன. விதி தோற்பதற்கு 14 மடங்கே போதும் என்றாலும், தவறு தவறுதான்.

ஏப்ரல் 2

ஆவடியிலிருந்து ஒருவர், வீட்டுப் பின்புறத்தில் 4 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள சிமெண்ட் தொட்டியில் ஆண்டுக்கணக்காகப் பத்துத் தங்கமீன்களை வளர்ப்பதாகவும், ஃபில்டரே வைக்கவில்லை என்றும், என் லிட்டர் கணக்கெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்றும் எழுதியிருக்கிறார். ஆழம் ஒன்றரை அடிதானாம். முதலில் எரிச்சல்தான் வந்தது. இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, கணக்கு அவர் பக்கம் நின்றது.

பிரிட்டனில் மின்சாரக் காற்று பம்புகள் பரவுவதற்கு முன்பு, மீன் வளர்ப்போர் லிட்டரை எண்ணாமல் நீர்ப்பரப்பையே எண்ணினார்கள். குளிர்நீர் மீனுக்கு, வால் நீங்கலாக ஓர் அங்குல உடல் நீளத்துக்கு 24 சதுர அங்குல நீர்ப்பரப்பு வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஆக்சிஜன் நீருக்குள் நுழைவதும் கரியமிலவாயு வெளியேறுவதும் மேற்பரப்பு வழியாகத்தான் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆவடித் தொட்டியின் பரப்பு 1,728 சதுர அங்குலம். 24-ஆல் வகுத்தால் 72 அங்குலம். ஆறு அங்குல மீன்கள் பன்னிரண்டுக்கு இடமிருக்கிறது. அவர் பத்துதான் வைத்திருக்கிறார். அதற்கு மேல், வெயிலில் நீர் பச்சையாகிப் பாசி படர்ந்து, அந்தப் பாசியே அமோனியாவை உறிஞ்சிக்கொள்கிறது. ஃபில்டர் இல்லை என்று அவர் சொல்வது பாதி உண்மை, சுவரெல்லாம் ஃபில்டர்தான்.

இதே விதியில் உங்கள் இரண்டடித் தொட்டி 288 சதுர அங்குலம், அதாவது 12 அங்குல மீன், அதாவது வளர்ந்த மீன்கள் இரண்டு. முதல் நாள் "ஒன்றுக்குக்கூட" என்று நான் வீசிய தீர்ப்பை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: உருண்டை உடல் வகையில் இரண்டு, அதுவும் கழிவை அகற்ற வாரம் இருமுறை நீர் மாற்றும் உழைப்பு உங்களிடம் இருந்தால் மட்டும். ஒன்பது என்பது எந்த விதியிலும் வரவில்லை.

ஏப்ரல் 3

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒன்றே ஒன்று வைக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. கிண்ணத்தைக் கழுத்து வரை நிரப்பினால் நீர் கூடுகிறது, மேற்பரப்போ ஒரு தட்டளவுக்குச் சுருங்குகிறது. ரோம் நகராட்சி 2005-இல் உருண்டைக் கிண்ணங்களையே தடை செய்தது.

மே 14

கத்திரி வெயில் நடக்கிறது; என் தொட்டியின் வெப்பமானி இன்று பிற்பகல் மூன்று மணிக்கு 32 பாகை காட்டுகிறது. இதுவரை எழுதிய எல்லா விதிகளும் 20 பாகை நீருள்ள நாடுகளில் பிறந்தவை என்பதை மார்ச் மாதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். மார்ச்சில் அது நினைவுக்கு வரவில்லை, மே மாதம்தான் நினைவூட்டுகிறது.

20 பாகையில் ஒரு லிட்டர் நீர் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். பற்றாக்குறை அதோடு நிற்பதில்லை. நீரின் வெப்பம் 10 பாகை கூடினால் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரு மடங்காகிறது. வரவு ஐந்தில் ஒரு பங்கு குறையும் அதே வேளையில் செலவு இரட்டிக்கும் குடும்பத்தில் எத்தனை பேரை வைத்துக் காப்பாற்ற முடியும் என்பதுதான் கேள்வி. அமோனியாவும் வெயிலில் கூடுதல் நஞ்சாகிறது; நம் ஆழ்துளைக் கிணற்று நீரைப் போலக் அமில-காரத்தன்மையின் அளவான pH 8-ஐ ஒட்டியிருந்தால், அதே அளவு அமோனியாவில் நஞ்சான பங்கு, 7-இல் இருப்பதைவிட 10 மடங்கு.

ஆகவே சென்னையில் அந்த 24 சதுர அங்குல விதியையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அனுமதிக்கும் மீன் நீளத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், அல்லது இரவும் பகலும் நிற்காத ஏர் பம்பை நம்பிக்கொண்டிருங்கள். தொட்டியின் மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சிறு மேசை விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு பாகை குறைகிறது. புழுக்கம் மிகுந்த நாளில் அதுவும் குறைவதில்லை. பனிக்கட்டியைக் கொட்டாதீர்கள். சட்டென்று இறங்கும் குளிர், வெப்பத்தைவிடக் கெடுதல் செய்யும்.

காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை பசி என்று சொல்லவில்லை.

மே 15

தங்கமீன் ஆக்சிஜனே இல்லாமல் வாழும் என்று படித்ததாக ஒருவர் சொல்கிறார். படித்தது பொய்யல்ல. உறைந்த குளத்தின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்போது அதன் உடல் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். ஆனால் அந்த வித்தை, உடலின் தேவையெல்லாம் ஒடுங்கிப்போகும் கடுங்குளிர் நீருக்கு உரியது. 32 பாகையில் அது சாராயம் காய்ச்சி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

ஜூலை 9

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: ஒன்பதில் மேலும் இரண்டு இறந்து ஏழு மிஞ்சின; மூன்றைக் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொண்டார், பணம் தரவில்லை; இரண்டை ஆவடிக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். ஆவடித் தொட்டியில் இப்போது சரியாகப் பன்னிரண்டு. இனி அவரிடம் யாரும் கொடுக்க வேண்டாம். கோயில் குளத்திலும் ஏரியிலும் கொண்டுபோய் விடலாமே என்று யோசனை சொன்னவர்கள், அந்த யோசனையை அவர்களோடு வைத்துக்கொள்ளட்டும். அடிமண்ணைக் கிளறி, மற்ற மீன்களின் முட்டையைத் தின்று, விட்ட இடத்தில் பெருகும் மீன் அது. கேள்வி கேட்டவரின் பெரம்பூர் வீட்டில் மிஞ்சியவை ஆரஞ்சு ஒன்று, கறுப்பு ஒன்று. எட்டுக்கு ஒன்று என்பதை ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்கியதைப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்களாம்.

இதைப் படித்தபோது, நான் எண்ணிக்கையைக் குறைத்த ஆண்டு நினைவுக்கு வந்தது. 2019 வரை என் மூன்றடித் தொட்டியில் (36 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம், உள்ளே உண்மையில் 165 லிட்டர்) ஐந்து மீன்கள் இருந்தன. வாரம் பாதி நீரை மாற்றுவது என் வழக்கம். 80 லிட்டர், ஐந்தாறு வாளி. அந்த ஜூன் மாதம் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஏரிகள் வறண்டு, எங்கள் அடுக்ககத்தில் லாரி நீரை வீட்டுக்கு இத்தனை குடம் என்று எண்ணி ஊற்றினார்கள். வரிசையில் நின்று பிடித்த குடத்தை மீன் தொட்டியில் ஊற்றும்போது, கீழ்வீட்டு அம்மாள் ஒன்றும் சொல்லாமல் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மூன்று வாரம் நீர் மாற்றவில்லை. நைட்ரேட் சோதனைக் குழாய், வாசிக்கவே தேவையில்லாத செந்நிறத்தில் நின்றது. இரண்டு மீன்களை நண்பர் ஒருவரின் கிணற்றடித் தொட்டிக்குக் கொடுத்தேன்; மூன்று மீன்களுக்கு வாரம் இரண்டு குடமும், இரையை மூன்றில் ஒரு பங்காக்கியதும் போதுமாக இருந்தன.

எத்தனை மீன் என்று கேட்பவரிடம் தொட்டியின் அளவைக் கேட்பதற்கு முன்னால், உங்கள் வீட்டுக் குழாயில் எத்தனை வாளி வரும், அதில் எத்தனையை நீங்கள் மனம் நோகாமல் கொட்டுவீர்கள் என்றுதான் இப்போது கேட்கிறேன். மார்ச்சில் லிட்டரை வைத்தும், ஏப்ரலில் சதுர அங்குலத்தை வைத்தும் சண்டை போட்டவன் நானேதான் என்பது தெரிந்தே இதைச் சொல்கிறேன்.

டிசம்பர் 10

மிக்ஜாம் புயல் மழையில் டிசம்பர் 4 விடியற்காலையில் போன மின்சாரம், எங்கள் பகுதிக்கு 6-ஆம் தேதி இரவுதான் திரும்பியது. தெருவில் முழங்கால் வரை நீர், தொட்டிக்குள் காற்றில்லை. இன்வெர்ட்டர் முதல் நாள் மாலையே தீர்ந்தது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்திருந்தேன். அதில் போடும் பேட்டரி வைத்திருக்கவில்லை.

செய்தது இவ்வளவுதான்: இரையை முற்றிலும் நிறுத்தினேன்; டாப் ஃபில்டரின் பஞ்சை வெளியே எடுத்து, அதிலுள்ள பாக்டீரியா செத்துவிடாமல் தொட்டி நீருக்குள்ளேயே மிதக்கவிட்டேன்; நீரை நான்கு அங்குலம் குறைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினேன். பகலில் நானும் மனைவியும், இரவில் நானும் மகனும் முறை வைத்துக்கொண்டோம். மூன்று மீன்களும் பிழைத்தன. நீர் 26 பாகையில் இருந்தது அவற்றின் நல்வினை. இதே மின்வெட்டு மே மாதத்தில் வந்திருந்தால் என் சொம்பு போதுமாக இருந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எங்கள் தளத்திலேயே இன்னொரு வீட்டில் இரண்டடித் தொட்டியில் பதினொரு குஞ்சுகள் இருந்தன. அவர்களும் ஊற்றத்தான் செய்தார்கள். இரண்டாம் நாள் காலையில் ஒன்றும் இல்லை. மின்சாரம் இருந்த மூன்று மாதமும் அந்தத் தொட்டி குறையில்லாமல் ஓடியது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்றாக ஓடும் நாளில் பதினொன்றும் பிழைக்கும், மூன்றும் பிழைக்கும், வேறுபாடு தெரியாது.

டிசம்பர் 11

பெரம்பூரில் ஒரு நாள்தான் மின்சாரம் இல்லையாம். ஆரஞ்சும் கறுப்பும் நலம். கறுப்பின் வயிற்றுப் பக்கம் வெண்கல நிறம் தட்டுகிறது, நோயா என்று கேட்கிறார். மார்ச் 12 மாலைக் குறிப்பின் இரண்டாம் பத்தியைப் படிக்கவும்.

2024 பிப்ரவரி 18

இன்று நீர் மாற்றும்போது அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பெரிய ஒராண்டா வால் நீங்கலாக ஆறே முக்கால் அங்குலம், அடுத்தது ஆறு, ரியூகின் ஐந்தரை. மொத்தம் பதினெட்டே கால். என் தொட்டியின் நீர்ப்பரப்பு 648 சதுர அங்குலம். பிரிட்டன் விதிப்படி 27 அங்குலம் வரை போகலாம். லிட்டர் விதிப்படி மூன்று மீனுக்கு 155 லிட்டர், இருப்பது 165. மே மாதக் குறிப்பில் நானே சொன்ன பாதிக் கணக்குப்படி பதின்மூன்றரை அங்குலம்தான் அனுமதி. ஏற்கெனவே நாலே முக்கால் அங்குலம் கூடுதலாக வைத்துக்கொண்டு, ஏர் பம்பை நம்பிப் பிழைப்பு நடத்துகிறேன்.

இந்தத் தாளை மகன் பார்த்துவிட்டான். முதல் விதியை மட்டும் வட்டமிட்டு, இன்னும் ஒரு மீனுக்கு இடமிருக்கிறது என்று எழுதி மேசைமேல் வைத்திருக்கிறான். பேட்டரி ஏர் பம்புக்கு இப்போது இரண்டு செட் பேட்டரி வாங்கி வைத்திருக்கிறோம் என்பது அவனுடைய வாதம். விண்ணப்பத்தை நிராகரிக்கவில்லை; கத்திரி வெயில் முடியும் வரை நிலுவையில் வைத்திருக்கிறேன்.